ஐந்தாம் மாடிக் கதவு

லிஃப்டில் ஏறுகிறவர்கள் மெக்கானிக்கின் முகத்தைப் பார்ப்பதேயில்லை சார். பதினோரு வருஷ சர்வீஸில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐந்தாம் மாடித் தையல்காரம்மா அதில் ஒருவர்.

அவருக்கு எதிர்வீடுதான் என் அக்கா வீடு. அத்தான் அக்காவை அடிப்பார். போன மாதம் கை ஒடிந்தது. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்டா" என்றாள். பாத்ரூமுக்கு ஏது சார் அவ்வளவு கோபம்? இனி நாம்தான் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

அத்தான் சரியாக எட்டு மணிக்குக் கிளம்புவார். போனைப் பார்த்துக்கொண்டே லிஃப்ட் கதவைத் திறந்து உள்ளே கால் வைப்பார். பழைய லிஃப்ட், பெட்டி வந்து நின்றால்தான் அந்தந்த மாடிக் கதவு திறக்கும். அன்று ஏழே முக்காலுக்கு ஐந்தாம் மாடிக் கதவின் பூட்டை மட்டும் கழற்றினேன். பெட்டியைக் கீழே நிறுத்திவைத்தேன். சுத்தமான வேலை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எதிர்க்கடையில் டீ சொல்லி உட்கார்ந்ததும் அக்கா போன் செய்தாள்.

"அவருக்குக் காய்ச்சல்டா, லீவு போட்டுட்டார். இந்தப் பக்கம் வந்தா மாத்திரை வாங்கிட்டு வரியா?"

"சரிக்கா" என்றேன்.

ஏறிப்போய்ப் பூட்டை மாட்டியிருக்கலாம். ஐந்து மாடி, படியேறிப் போகவேண்டும். காய்ச்சல் என்றால் டாக்டரிடமாவது கிளம்பமாட்டாரா என்று விட்டுவிட்டேன். தையல்காரம்மா பத்து மணிக்கு முன்னால் வெளியே வருவதில்லை.

அன்று அவசர ஆர்டராம். துணி மூட்டை முகத்தை மறைத்திருக்கிறது. மகள் அவர் முந்தானையைப் பிடித்திருந்தாள். ஆறு வயசு.

எங்கள் ரிப்போர்ட்டில் 'பக்கச் சேதம்' என்று ஒரு கட்டம் உண்டு. மோட்டாரை இறக்கும்போது சுவரில் காரை பெயர்ந்தால் அதில் எழுதுவோம். இவர்களையும் அப்படிச் சொன்னதும் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் பேனாவை வைத்துவிட்டார். வேறு நல்ல வார்த்தை இருந்தால் அதையே போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நேற்று அக்கா இங்கே வந்தாள். கையில் இன்னும் கட்டு. "எனக்காகச் செஞ்சேன்னு வெளியே சொல்லாதே. நான் உன்னைக் கேட்டேனா? அந்தப் புள்ள தினம் எங்க வீட்ல உக்காந்துதான் படம் வரையும்" என்றாள். அத்தான் அவள் தோளைப் பிடித்து அழைத்துப் போனார். அவளும் போனாள்.

பூட்டைக் கழற்றியது நான். மாட்டாமல் விட்டதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள் சார். நான் கொல்ல நினைத்தவர் நன்றாகத்தானே இருக்கிறார்.