தீவில் யாரும் கண்ணில் படக் கூடாது

எனக்கு நீச்சல் தெரியாது. பள்ளிச் சுற்றுலாவில் மெரினாவில் முழங்கால் நனைய நின்றதுதான் எனக்கும் கடலுக்கும் உள்ள பழக்கம். ஆனாலும் நான்கு வருடமாகத் தீவுகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். பெங்களூர் பொம்மனஹள்ளியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு.

இன்ஸ்பெக்டர் உமேஷ் சார், வாக்குமூலத்தை "தமிழ்லயே பரீரி, எழுதுங்க, நாங்க படிக்க வச்சுக்கறோம்" என்று தாளை என் பக்கம் தள்ளினீர்கள். அதற்கு நன்றி. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நான் "மதிப்பிற்குரிய விருந்தினருக்கு" என்றுதான் ஆரம்பித்திருப்பேன். கை அப்படிப் பழகிவிட்டது.

எங்கள் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு முழுத் தீவு. நான்கு நாள் அந்தத் தீவில் வேறு விருந்தினர் கிடையாது. மெத்தையும் மீன் வறுவலும் எந்த ஓட்டலிலும் கிடைக்கும். நாங்கள் கொடுப்பது, கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மனிதர்கூட இல்லாத நிம்மதி. ஒருவரும் இல்லாத மாதிரி இருக்கக் குறைந்தது எட்டுப் பேர் வேலை செய்ய வேண்டும். அவர்கள் தாழம்புதருக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் தங்குவார்கள். விருந்தினர் குளிக்கப் போனால் படுக்கையை விரிப்பார்கள், முதுகைத் திருப்பினால் காபி வைப்பார்கள், எதிரே வந்துவிட்டால் புதரில் உட்கார்ந்துகொள்வார்கள். படகு நாற்பது நிமிடத் தூரத்தில், ஆஸ்பத்திரி இருக்கும் பெரிய தீவில் நிற்கும். பெங்களூரிலிருந்து நான் கூப்பிட்டால்தான் கிளம்பும். இந்த விதிகளை எல்லாம் எழுதியவன் நான். பக்கத்து வீட்டு குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் என் மனைவி ராதா எங்கள் அடுப்பை அணைப்பாள். அவ்வளவு மெல்லிய சுவர் எங்களுடையது. தனிமையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சிரில் அந்தத் தீவின் சமையல்காரன். ஜீவனஹள்ளியில் நானும் அவனும் ஒரே தெரு, பத்தாவது வரை ஒரே பெஞ்சு. இரண்டு வருடத்துக்கு முன் அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். வாய் ஓயாதவன். பேசக் கூடாத இடத்துக்கு அவனை அனுப்பியது என் புத்திசாலித்தனங்களில் ஒன்று. தினமும் மத்தியானம் போன் செய்வான். "மச்சான், இங்க நண்டுகூட என்னப் பாத்தா ஒளியுதுடா. அதுக்கும் நீயே ட்ரெயினிங் குடுத்துட்டியா?" என்பான்.

போன பிப்ரவரியில் கோவிந்தப்பா சாரும் அவர் மனைவி ஜானகி அம்மாவும் போனார்கள். மல்லேஸ்வரத்துக்காரர்கள். திருமணமாகி நாற்பது வருடம் ஆனதற்கு, வெளிநாட்டில் இருக்கும் மகன் கொடுத்த பரிசு. போவதற்கு முன் விருந்தினரின் விருப்பங்களைக் கேட்டு ஒரு படிவம் நிரப்புவோம். தலையணை எப்படி, காபியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, என்ன மாத்திரை. அதில் ஒரு கேள்வி, ஊழியர்கள் கண்ணில் படலாமா என்பது. "வேண்டாம்" என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அதன்படிதான் நடந்துகொண்டேன் என்று உங்களிடம் முதல் நாள் சொன்னேன்.

அவர்கள் தீவுக்குப் போன இரண்டாம் நாள் காலை ஏழு இருபதுக்கு சிரில் கூப்பிட்டான். அவன் மத்தியானத்தில்தான் கூப்பிடுவான் என்பதால் உடனே எடுத்தேன். "மச்சான், நெஞ்ச அடைக்குதுடா. இடது கை மரத்துப்போவுது" என்றான். வயது நாற்பத்தாறு. நான் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. படகோட்டி ரவியைக் கூப்பிட்டு உடனே கிளம்பச் சொன்னேன். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று காலை முதல் அரைமணி நேரம் நான் நல்லவனாக இருந்தேன்.

கடற்கரையில் ஒரு கேமரா உண்டு. விருந்தினர் கை அசைத்தால் எங்களுக்குத் தெரிவதற்காக. கொட்டகைப் பக்கம் கிடையாது. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று நான்தான் கேட்டிருந்தேன். ஏழு ஐம்பதுக்குத் திரையில் பார்த்தால், கோவிந்தப்பா சாரும் அம்மாவும் மணல்திட்டில் காலை உணவுக்கு உட்கார்கிறார்கள். தண்ணீர் வடியும்போது கடல் நடுவே தலைகாட்டும் திட்டு அது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, நான்கு பக்கமும் வெறும் தண்ணீர். எங்கள் விளம்பரத்தில் இருக்கும் படமே அதுதான். ரவியின் படகு நேரே அந்தப் படத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

ரவியைக் கூப்பிட்டேன். "சார், தீவு தெரியுது. பத்தே நிமிசம்" என்றான்.

"திருப்பு. பாறைக்குப் பின்னாடி போய் நில்லு. அவங்க சாப்பிட்டு எந்திரிச்சதும் சொல்றேன்."

"ஆளு எப்படி சார் இருக்காரு?"

"தேவலை. வெறும் கேஸ் ட்ரபுள்" என்றேன்.

அரைமணி நேரம் ஆகும் என்று நினைத்தேன். சில்க் போர்டு சிக்னலில் அதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. மருத்துவத்தில் எனக்கு இருந்த அறிவு இவ்வளவுதான்.

அவர்கள் ஒன்றே முக்கால் மணி நேரம் சாப்பிட்டார்கள். அம்மா ஆப்பத்தைப் பிய்த்து மீனுக்குப் போட்டார். சார் பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றார். நான் ஏற்பாடு செய்த காலை உணவுகளிலேயே அதுதான் மிக அழகானது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எட்டரைக்கு, அங்கே பரிமாறுகிற சஞ்சய் சிரிலின் போனிலிருந்து பேசினான். "சார், அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டுது. நான் ஓடிப்போய் கெஸ்ட்டுகிட்ட ஒரு வார்த்த சொல்லிடறேன் சார்."

"மூஞ்சியக் காட்டினா அடுத்த படகுல உன் பெட்டியும் ஏறும்" என்றேன். அவன் போகவில்லை. நன்றாகப் பயிற்சி பெற்றவன்.

பின்னால் சிரில் முனகும் சத்தம் கேட்டது. "வாயில துண்ட வச்சுக்கச் சொல்லு" என்றேன். பதற்றத்தில் வாய் தவறிச் சொன்னது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று போனில் பார்த்தேன். கொட்டகையிலிருந்து மணல்திட்டுப் பக்கம்தான் அடித்தது.

ஒன்பது மணிக்கு சிரிலே போனை வாங்கிப் பேசினான். "படகு வருதாடா?"

"எஞ்சின் மக்கர் பண்ணுது மச்சான். சோடா குடி."

"சரிடா." மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். "அந்தம்மா ஆப்பம் சாப்பிட்டாங்களா?"

"மூணு சாப்பிட்டாங்க" என்றேன். அன்று அவனிடம் நான் சொன்ன ஒரே உண்மை அது. அவன் ஆப்பத்துக்கு ஊரில் பெயர் உண்டு.

ஒன்பது முப்பத்தைந்துக்கு அவர்கள் எழுந்தார்கள். படகு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கடலிலேயே சிரில் இறந்துவிட்டான். படகு முதலில் வந்த வேகத்திலேயே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான் என்று அங்கிருந்த டாக்டர் எழுதியிருக்கிறார். விருந்தினர் இன்னும் இரண்டு நாள் இருந்தார்கள். சஞ்சய் உப்புமா கிண்டினான். யாரும் எதுவும் சொல்லவில்லை, அவர்களும் எதையும் பார்க்கவில்லை.

திரும்பும்போது படகில் ரவி அவர்களிடம் நடந்ததைச் சொல்லிவிட்டான். கரை இறங்கியதும் கோவிந்தப்பா சார் என்னைக் கூப்பிட்டார். "ஏன்ப்பா, ஒரு மாத்து, ஒரே வார்த்த சொல்லியிருந்தா நாங்களே ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கியிருப்போமே" என்றார். கத்தவில்லை. நீங்கள் கேட்டபடிதான் சார் செய்தோம், படிவத்தில் இருக்கிறது என்றேன்.

அந்தப் படிவத்தை நேற்று என் முன்னால் வைத்து, "இது யார் போட்ட டிக்?" என்று கேட்டீர்கள். நான் போட்டது. போனில் எல்லாக் கேள்வியும் கேட்டேன், அதை மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஜானகி அம்மா தானாகவே சொன்னார். "ரெண்டு பேரும் நாலு நாளு மொகத்த மொகம் பாத்துக்கிட்டு என்ன பண்றது? சமையல்காரரு தமிழாளுன்னா வந்து பேசிக்கிட்டு இருக்கட்டும்." சரி மேடம் என்று சொல்லிவிட்டு, "வேண்டாம்" என்பதில் டிக் போட்டேன். என் விருந்தினர் யாரும் இந்த நான்கு வருடத்தில் தீவில் வேற்று மனிதரைப் பார்த்ததில்லை. அந்தப் பெருமையை ஒரு ஆப்பக்காரனுக்காக விட எனக்கு மனமில்லை. அதாவது, அவர்கள் கேட்டதாகச் சொல்லி நான் காப்பாற்றிய அந்தத் தனிமையை வேண்டும் என்று கேட்டவன் நான் ஒருவன்தான்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். வந்துகொண்டிருந்த படகைத் திருப்பியவன் நான். ரவியிடமும் சிரிலிடமும் பொய் சொன்னவன் நான். அவன் வாயில் துண்டு வைக்கச் சொன்னவனும் நான். அதற்குச் சட்டத்தில் என்ன பெயரோ அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு ஈரமே இல்லை என்று நீங்கள் நேற்று சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. சிரிலின் உடல் ஜீவனஹள்ளிக்கு வந்த அன்று எல்லா ஏற்பாட்டையும் நான்தான் முன்நின்று செய்தேன். கோவிந்தப்பா சாரும் அம்மாவும் மாலையோடு வருகிறார்கள் என்று தெரிந்ததும், கூடத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்தவர்களைத் தெருவுக்கு அனுப்பினேன். சிரிலின் மனைவி ஆஞ்சலா சவப்பெட்டியை விட்டு நகரவில்லை. "அண்ணா, நான் இங்கயே ஒரு ஓரமா இருக்கேண்ணா" என்றாள். பத்தே நிமிடம்தான் என்று சொல்லி, மகள் ஜூலியாவோடு சமையலறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினேன். சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பார்த்துக்கொண்டாள்.

ஜானகி அம்மா பெட்டியின் மேல் மாலையை வைத்துவிட்டு, காலியான கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "வீட்டுல யாரும் இல்லையாப்பா?" என்று கேட்டார்.

"யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க மேடம். நீங்க நிதானமா இருங்க" என்றேன்.