மேடைக்கு ஒரு திருந்திய பையன்

எனக்குப் பொய் என்றால் சுத்தமாக ஆகாது, மேடம். தாமதமாக வந்தால் பஸ்மேல் பழி போட மாட்டேன். தூங்கிவிட்டேன் என்றுதான் சொல்வேன். இதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியையான உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நம் பள்ளியின் புகையிலை ஒழிப்பு மன்றத்தை நான்தான் நடத்துகிறேன். பள்ளிகளுக்கு இடையே நடக்கும் பேச்சுப் போட்டியில், புகைப் பழக்கத்தை விட்டொழித்த மாணவன் மேடையேறினால்தான் மதிப்பு. போன வருடம் நம் மாணவன், "நான் தொட்டதே இல்லைங்க" என்றான். ஒருவரும் கை தட்டவில்லை. பக்கத்துப் பள்ளிப் பையன் திருந்திய கதையைச் சொல்லி அழுதான், நடுவர்களும் அழுதார்கள், கேடயம் அங்கே போய்விட்டது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருடம் முன்கூட்டியே தேடத் தொடங்கினேன். பைகளைக் கிளறினேன், வாயை ஊதச் சொன்னேன். பள்ளி முழுக்கச் சலித்தும் புகைக்கிற பிள்ளை ஒன்றுகூட அகப்படவில்லை. ஒழிப்பு மன்றம் வைத்திருப்பவனுக்கு ஒழிக்க ஒன்றுமே இல்லை என்றால் எவ்வளவு வேதனை, யோசித்துப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறானே, எல்லாரும் 'மைக்' என்று கூப்பிடுவார்கள். அவன் வாயைத் திறந்தால் மைதானமே நின்று கேட்கும். "அவனையே புகைச்சவன்னு சொல்லச் சொல்லுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் விளையாட்டு ஆசிரியர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினாலு வயதுப் பிள்ளையைப் பொய் சொல்ல வைப்பதா? என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதனால் அதை உண்மையாக்கினேன்.

ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டு, நானே வாங்கி வந்ததை நானே பற்றவைத்துக் கொடுத்தேன்.

"வேணாம் சார், அம்மா திட்டுவாங்க."

"இது பழக்கம் இல்லப்பா, பயிற்சி. புடிச்சுட்டு விட்டுடணும், அவ்வளவுதான்."

முதல் இழுப்பில் கண்ணில் நீர் முட்ட இருமினான். யாருக்கும் முதல் தடவை அப்படித்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, மறுபடி கொடுத்தேன். ஒரே ஒரு முறை இழுத்தவனைத் திருந்தியவன் என்று நிறுத்தினால் அது பாதிப் பொய்தானே? முழுப் பழக்கம் ஆகும்வரை விடாமல் பாடுபட்டேன். இடையில் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என்னைப் பார்த்ததும் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். "அப்பா இல்லாத பையன் சார். உங்களை நம்பித்தான் விட்டிருக்கேன்" என்றார். நெகிழ்ந்துபோனேன்.

போட்டி நெருங்கியதும், "இனிமே விட்டுடுப்பா" என்றேன். "சரி சார்" என்றான். நம்பினேன். அப்போதிருந்தே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மைக்கைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம். ஒன்பதாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, பையன், பெண் என்று பாகுபாடே கிடையாது. பேச்சுப் பயிற்சியாக்கும் என்று நான் தொந்தரவு செய்யவில்லை. திரும்பி வரும்போது எல்லார் வாயிலும் புதினா மிட்டாய் மணக்கும். பல்லில் இத்தனை அக்கறையா என்று சந்தோஷப்பட்டேன்.

போட்டியில் மைக் அரங்கத்தையே அழவைத்துவிட்டான். கேடயம் நமக்குத்தான் என்று அறிவித்தும் விட்டார்கள். வாங்க ஆளைக் காணோம். நடுவர் ஒருவர் தேடிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே புகைவிட்டுக்கொண்டு நின்றான்.

"விட முடியல சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மேடையில் அழுததுபோல் இல்லை, குரலே எழும்பவில்லை. அத்தனை பேர் முன்னால் "விட்டுட்டேன்" என்று சொன்னானே, அது பொய்தானே, மேடம்? என்னை அது எவ்வளவு புண்படுத்தியிருக்கும்?

போனது போகட்டும். அடுத்த வருடத்துக்கு மன உறுதியுள்ள பிள்ளை வேண்டும். அதற்கு ஏன் வெளியே தேட வேண்டும்? என் மகள் நம் எட்டாம் வகுப்பில்தானே படிக்கிறாள். நான் கிழித்த கோட்டைத் தாண்டாதவள். நேற்று வீட்டு மாடியில் முதல் பயிற்சி கொடுத்தேன். காற்றில் அணையாமல் தீக்குச்சியைக் கையால் மறைத்துப் பிடித்தாள். அதை நான் சொல்லித்தரவே இல்லை. ஆழமாக இழுத்தாள். ஒரு இருமல்கூட வரவில்லை. முடித்ததும் பையிலிருந்து புதினா மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

முதல் தடவையிலேயே இப்படி என்றால், அது பிறவி மன உறுதி, மேடம்.