வாடகைக்கு விட்ட வீட்டில் நான் இருந்தது

என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. இந்த நான்கு தெருக்களில் 'நாலு சாவி அக்கா' என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். வயது ஐம்பத்து நான்கு. தொழில், பழைய அடுக்குமாடி வீடுகளை வாங்கிச் சரிசெய்து வாடகைக்கு விடுவது. முகவரி கேட்டபோது கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. அட்டையில் இருப்பது இரண்டாம் தெரு, எண் ஏழு, முதல் மாடி. நான் அத்துமீறி நுழைந்ததாகப் புகார் வந்திருப்பதும் அதே வீடுதான். காவல் நிலைய எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உதவி ஆய்வாளர் மேடத்தைப் பார்த்தார். மேடம், "அம்மா, நீங்க இப்ப தூங்கி எந்திரிக்கிற இடத்தைச் சொல்லுங்க" என்றார். ஆகவே மகளிர் விடுதி, அறை எண் பன்னிரண்டு, சுவரோரக் கட்டில் என்று சொன்னேன். கட்டில் வரைக்கும் தேவையில்லை என்றார் எழுத்தர்.

புகார் கொடுத்திருப்பவர் அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் நர்ஸ். அவரும் அவர் கணவரும் பக்கத்துப் பெரிய மருத்துவமனையில் வேலை பார்க்கிறார்கள். என்னுடைய மற்ற மூன்று வீடுகளில் இருப்பவர்களும் அதே மருத்துவமனை ஆட்கள்தான். வழக்குப் பதிவானால் ஒரே நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், நான்கு வீடும் காலியாகும், அப்புறம் இந்தப் பக்கம் என்னை நம்பி யாரும் குடிவரமாட்டார்கள். இது தெரிந்தேதான் சொல்கிறேன். இங்கே யாரும் என்னை மிரட்டவில்லை. தேநீர்கூடக் கொடுத்தார்கள், சர்க்கரைதான் தூக்கல்.

நான் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் இருபது வருடம் கட்டட வரைபடம் வரைந்தவள். பதினாறு வருடத்துக்கு முன் கணவர் பிரிந்து போனார். பிள்ளைகள் இல்லை. இருந்த வீட்டை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். அதன் பிறகு என் தம்பி, ஊருக்கு வெளியே நீச்சல்குளத்தோடு கட்டும் புது அடுக்குமாடியின் வண்ணப் படத்தைக் கொண்டுவந்து காட்டி, அங்கே வாங்கிப் போடச் சொன்னான். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றேன். மருத்துவமனையைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களிலேயே, நாற்பது வருடக் கட்டடமாகப் பார்த்தேன். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, தடித்த சுவர், வாசலில் பெரிய மரம். வீடு சின்னதுதான், ஆனால் அதற்குக் கீழே மண்ணில் வரும் பங்கு பெரிது. அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போகாமல் வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் இன்னும் விசேஷம். நல்ல தெருவில் இருப்பதிலேயே மோசமான வீட்டை வாங்குவது என் வழி. வீட்டைச் சரிசெய்துவிடலாம், தெருவை என்னால் சரிசெய்ய முடியாது.

வாங்கியதும் சமையலறை, குளியலறை, வயரிங் மூன்றில் மட்டும் கைவைப்பேன். மற்றதெல்லாம் வெள்ளை அடிப்பதோடு சரி. அதன் பிறகு நானே குடிபோவேன். இரண்டு பெட்டி, ஒரு மடக்குக் கட்டில், ஓர் அடுப்பு, ஒரு நாற்காலி. ஒவ்வோர் அறையிலும் ஒரு வாரம் படுப்பேன். நின்றுகொண்டு பார்ப்பவருக்கு வீடு தன் குறையைக் காட்டாது. மல்லாந்து படுத்தால்தான் மேலே ஈரம் எங்கே இறங்குகிறது, மேல்வீட்டில் எத்தனை மணிக்கு நாற்காலியை இழுக்கிறார்கள், காலை வெயில் எந்தச் சுவர்வரைக்கும் வருகிறது என்பதெல்லாம் தெரியும். குடிவருகிறவரிடம் எதையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடுவேன். ஆள் வந்ததும் என் பெட்டிகளோடு அடுத்து வாங்கிய வீட்டுக்கோ, காலியான மற்றொன்றுக்கோ போய்விடுவேன். இப்படிப் பதினான்கு வருடத்தில் பதினோரு முறை மாறியிருக்கிறேன். இரண்டாம் தெரு வீட்டில்தான் அதிக காலம் இருந்தேன், அதனால் அட்டை முகவரி அங்கேயே நின்றுவிட்டது.

சென்ற வருடம் நான்காவது வீட்டுக்கும் ஆள் வந்தது. ஒரே நேரத்தில் நான்கும் நிறைந்தது அதுவே முதல் முறை. காதுக்கு ஒன்றாக வைத்துப் பேசுவதால் 'ரெண்டு போன்' என்று பெயர்பெற்ற தரகர், சாவியைக் குடிவந்தவரிடம் கொடுத்துவிட்டு, "நாலும் ஃபுல்லு. இனிமே உங்களுக்குத்தான்க்கா வாடகைக்கு வீடு பாக்கணும்" என்றார். நானும் சிரித்தேன். அதன் பிறகு படியிறங்கி வந்து, மரத்தடியில் பெட்டிகளை வைத்துக்கொண்டு நின்றேன். எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியவில்லை. நான் பதினான்கு வருடம் பாடுபட்டது அந்த நாளுக்காகத்தான். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

இருப்பவர்களில் ஒருவரைக் காலி செய்யச் சொல்லியிருக்கலாமே என்று மேடம் கேட்டார். ஒழுங்காகக் குடியிருப்பவரை என் வசதிக்காக எழுப்பியதில்லை, எழுப்பவும் மாட்டேன். வேறொருவர் வீட்டில் வாடகைக்குப் போக மனம் ஒப்பவில்லை. அது கர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாவது வீடு அமையும்வரை என்று விடுதியில் சேர்ந்தேன். ஐந்தாவது ஒன்று வந்தது, பத்திரத்தில் வில்லங்கம் இருந்ததால் விட்டுவிட்டேன். விடுதி அறையில் கூட இருக்கும் பெண் நல்ல பெண். காதில் எந்நேரமும் எதையாவது மாட்டியிருப்பாள். நாளுக்கு ஒரு தடவை "லைட்டை அணைக்கட்டுமா ஆன்ட்டி" என்பாள். வேறு யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. காலி வீடுகளில் தன்னந்தனியாக இருந்தபோது எனக்குத் தனிமை தெரிந்ததில்லை, செய்ய வேலை இருந்தது. இரண்டு பேர் இருக்கும் அறையில்தான் தெரிந்தது.

நான்கு மாதத்துக்கு முன் நர்ஸ் போன் செய்து, சிங்க்குக்கு அடியில் குழாய் ஒழுகுகிறது, நாங்கள் இருவரும் டியூட்டியில் இருப்போம், மாற்றுச் சாவி உங்களிடம் இருக்கிறதே, நீங்களே பிளம்பரைக் கூட்டிவந்து பாருங்கள் என்றார். அன்று நான் உள்ளே போனது அவர் சொல்லித்தான். பிளம்பர் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார். ஒழுக்கு நின்றதா என்று பார்க்க நான் இருந்தேன். குழாய் பத்து நிமிடத்திலேயே நின்றுவிட்டது. நான் மூன்று மணி நேரம் இருந்தேன். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, ஃபிரிட்ஜ் மேல் ஒரு சீப்பு கிடந்தது, அவசரமாகக் கிளம்பியவர்களின் தேநீர்க் கோப்பைகள் மேசையிலேயே இருந்தன. நான் இருந்தபோது அந்த வீடு அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

அதன் பிறகு யாரும் கூப்பிடாமல் ஒன்பது முறை போனேன். ஒன்பது என்பது புகாரில் இல்லை, நானாகச் சொல்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் அவர்கள் டியூட்டிப் பட்டியலை ஒட்டியிருப்பார்கள், போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவைத்துக்கொண்டு, அடுத்த முறை இருவரும் இல்லாத பகல் நேரமாகப் போவேன். எதையும் எடுத்ததில்லை. பீரோவைத் திறந்ததில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் குடித்தால் டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். ஆனால் என் கை சும்மா இருக்காது. குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கியது, எண்ணெய் விட்டேன். அலமாரிக் கைப்பிடி ஆடியது, முடுக்கினேன். வீட்டில் தானாகவே எல்லாம் சரியாகிறது என்று நர்ஸ் கணவரிடம் சொன்னாராம், அவர் பழைய வீடு இல்லையா, பழகிவிட்டது என்றாராம். பழுதானது தானாகச் சரியாகாது என்பது நர்ஸுக்குத் தெரியும்.

ஏழாவது முறை போயிருந்தபோது கூரியர்காரர் மணி அடித்தார். திறந்தேன். இந்த வீடுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பூட்டிய வீட்டுக்குள் பார்சல் எப்படி வரும் என்று அப்போது தோன்றவே இல்லை. நான் அதை ஒரு வீட்டில் இருப்பவள் செய்வதுபோலவே செய்துவிட்டேன். அன்று மாலை நர்ஸ் போன் செய்து, நீங்கள் வந்தீர்களா அக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய்.

சம்பவ நாள் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருக்கும். பட்டியல்படி நர்ஸ் இரவு எட்டுக்குத்தான் வர வேண்டும். கூட வேலை செய்பவரோடு டியூட்டி மாற்றிக்கொண்டிருக்கிறார், பட்டியலில் திருத்தவில்லை. நான் கூடத்து சோபாவில் மல்லாந்து படுத்து, மேலே மூலையில் புதிதாகத் தெரிந்த ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே கண் அசந்துவிட்டது. விடுதியில் எனக்குப் பகலில் தூக்கம் வந்ததில்லை. அந்த நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். பிறகு கணவருக்குப் போன் செய்தார், அவர் ஓடிவந்தார், மாடியில் எல்லாரும் கூடிவிட்டார்கள். நான் கையும் களவுமாக அகப்பட்டேன். எழுந்து உட்கார்ந்ததும் ஏன் வந்தீர்கள் என்று நர்ஸ் கேட்டார், மாற்றுச் சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் கணவர்தான் காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னார்.

இங்கே வந்த பிறகு நர்ஸ், உதவி ஆய்வாளர் மேடத்திடம், "உடம்புக்கு முடியாம படுத்துட்டாங்கன்னா புகாரே வேணாம் மேடம். கண்ணத் திறக்காம கிடந்தாங்க, பயந்துட்டேன்" என்றார். மேடம் சரி என்றார். அதன் பிறகு என் தம்பி வந்தான். வராந்தாவுக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மயக்கம்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா. மேலே ஈரக்கறையைப் பாக்கப் போனேன், தலை சுத்துச்சுன்னு சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றான். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரைச் சீட்டும் இருக்கிறது. சொன்னால் எல்லாரும் நம்புவார்கள், இன்றே வீட்டுக்குப் போகலாம் என்றான். எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை. அவன் நல்லதுக்குத்தான் சொன்னான்.

எனக்கு மயக்கம் வரவில்லை. நர்ஸ் கதவைத் திறந்த சத்தத்திலேயே விழித்துவிட்டேன். எழுந்து ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவர் "அக்கா, அக்கா" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, கைப்பையை அப்படியே போட்டுவிட்டு, தரையில் மண்டியிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிறார் என்று புரிந்தது. வாய்க்குள் எண்ணுவது கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. அவர் ஒரு நிமிடம் முழுதும் எண்ணினார். அதன் பிறகு நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். திரும்பவும் மணிக்கட்டைப் பிடித்து முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். நடுவில் "கண்ணத் திறங்கக்கா" என்றார். இப்போதாவது எழுந்துவிட வேண்டும் என்று தெரியும்.

அப்படியானால் அவர் பயந்தது தெரிந்தே கிடந்தீர்களா என்று மேடம் கேட்டார். ஆம், தெரிந்தேதான். ஏன் என்று கேட்டார். எழுந்தால் கையை விட்டுவிடுவார். மூன்றாவது தடவையும் எண்ணுவார் என்று நினைத்தேன், ஆனால் விட்டுவிட்டுப் போன் செய்யப் போனார். சாவி போட்டுத் திறந்தது தப்பு. அதைவிட இது பெரிய தப்பு.

இது என் வாயால் சொன்னது. எழுத்தர் வாசித்துக் காட்ட முழுக்கக் கேட்டேன். யார் சொல்லிக் கொடுத்தும் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உண்மை என்று ஒப்புக்கொண்டு, தம்பி வராந்தாவில் காத்திருக்க, கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)