வீட்டு மெஷினில் எண்பத்து நான்கு

எடை மெஷினில் ஏறுகிறவர்கள் எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், ஐயா. மூச்சுக்கும் எடை உண்டென்று நினைப்பு. முப்பது வருடமாக மெஷின் விற்றுப் பழுதுபார்க்கிறேன். சாதாரணமாக ஏறி நின்ற ஒரே ஆள் என் மனைவிதான். நான் திருத்திய மெஷின்மீது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எண்பத்து நான்கு கிலோ இருந்தாள். மூட்டுவலிக்கு எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். பக்கத்துத் தெரு ஜிம்மில் சேர்ந்து இரும்பு தூக்கினாள். முதல் மாதம் நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மாதம், கடையில் ஆட்கள் நிற்கும்போது, நான் இரண்டு கையாலும் முக்கி நகர்த்தும் இருபது கிலோ எடைக்கல்லை ஒரே கையால் எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"அண்ணி, அப்படியே அண்ணனையும் தூக்கி மேல வெச்சிடுங்க. தூசி படாம இருப்பாரு" என்றான் எதிர்க்கடைக்காரன்.

"அவரு என்ன கனமா தம்பி? ஒரு விரல் போதும்."

நானும்தான் சிரித்தேன்.

அன்று மாலை வீட்டு மெஷினின் அடிமூடியைக் கழற்றினேன். கோபமெல்லாம் இல்லை. அவள் எவ்வளவு இளைத்தாலும் முள் எண்பத்து நான்கில் நிற்கும்படி வாரம் ஒருமுறை உள்ளே ஸ்பிரிங் திருகாணியை நகர்த்தினேன். மனம் இரங்கிய வாரங்களில் அரைக்கிலோ குறைத்தும் காட்டினேன். சலித்துப்போய் ஜிம்மை விட்டுவிடுவாள் என்று எண்ணினேன்.

ஜிம் மாஸ்டரம்மா குறுக்கே வந்தாள். எண்ணைப் பார்த்தால் பெண்கள் அழுகிறார்கள் என்று அங்கே எடை மெஷினே வைக்காதவள். "கொழுப்பு போயி சதை இறுகுதுக்கா, அதான் நம்பர் நகரல. துணியெல்லாம் லூசாகுதில்ல?" என்று தேற்றினாள். நான் சொல்ல வேண்டிய பொய்யை விவரம் தெரிந்த ஒருத்தி நல்ல மனதோடு சொல்லிவிட்டாள்.

என் மனைவிக்கு அந்த ஆறுதல் போதவில்லை. சாப்பாட்டைப் பாதியாக்கினாள். பிறகு ஒரே வேளை. பிறகு வெந்நீர்.

"என்னங்க, தண்ணி குடிச்சாக்கூட எடை ஏறுமா?"

"சிலருக்கு உடம்பு வாகு அப்படித்தாம்மா."

எலும்பு தெரிகிறதே என்று கேட்டவர்களிடம், "மெஷின் பொய் சொல்லாதுங்க, அவரு கைபட்டது" என்பாள்.

ஆறாம் மாதம் இரும்பு தூக்கத் தெம்பில்லாமல் ஜிம்மை நிறுத்தினாள். நான் நினைத்தது நடந்துவிட்டது. மெஷினை அப்போதே சரிசெய்திருக்கலாம். ஆனால் ஒரே நாளில் எண்பத்து நான்கு ஐம்பதானால் தொழிலில் என் பெயர் என்னாவது?

எட்டாம் மாதம் குளியலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் தாங்கிப்பிடித்து எடை பார்த்தார்கள். முப்பத்தொன்பது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, நம்ம வீட்ல எண்பத்தி நாலுதானே காட்டுச்சு?"

"இவங்க மெஷின் பழசும்மா. ஸ்பிரிங் போயிடுச்சு" என்றேன்.

தலையசைத்தாள். நர்ஸ் நீட்டிய பாலை வேண்டாமென்று தள்ளினாள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

செய்தது நான்தான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். ஒன்றை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. டாக்டர், நர்ஸ் என்று அத்தனை பேர் எடுத்துச் சொல்லியும் கடைசிவரை அவள் நம்பியது என்னைத்தான். அப்படியொரு அன்னியோன்னியம் எங்களுக்குள்.