ஆள் நடந்தா எரியுற லைட்டு

இல்ல தம்பி, சுவிட்சே வேண்டாம்னுதான் சொல்றேன். சுவிட்சுன்னு ஒண்ணு இருந்தா அவரு அதை அணைச்சுடுவாரு. ஆள் நடந்தா தானா எரியும், போனா தானா அணையும்னு கடைக்காரரு சொன்னாரே, அது இதுதானே? அப்ப நேரா கரண்ட்டுல சேத்து விட்டுடுங்க. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல மாட்டணும், அவ்வளவுதான். அவரு முடி வெட்டப் போயிருக்காரு, வர்றதுக்குள்ள முடிஞ்சாகணும். வந்துட்டாருன்னா இது எதுக்கு, அது எதுக்குன்னு உங்க ஏணியப் பிடிச்சுக்கிட்டே நிப்பாரு. வேலை ஓடாது.

யாரா? எங்க வீட்டுக்காரருதான், வேற யாரு. ராத்திரியானா எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாரு. வயசாச்சு, போதாததுக்கு நீர் மாத்திரை வேற. அதை நான் குத்தம் சொல்லல. போகட்டும், நல்லாப் போகட்டும். லைட்டப் போட்டுட்டுப் போனா என்னங்கிறேன். போடமாட்டாரு! கும்மிருட்டுல சுவத்தத் தடவிக்கிட்டு, அலமாரியில இடிச்சு, கதவுல இடிச்சு... கேட்டா, எனக்குத் தூக்கம் கெட்டுடுமாம். அவரு காலக் கீழ வச்ச உடனே எனக்கு முழிப்பு வந்துடுது. திரும்பி வந்து படுக்குற வரைக்கும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்குறேன். இதுல கெடுறதுக்குத் தூக்கம் எங்க இருக்கு?

என்ன வேலை பாத்தாரா? பஸ் டிரைவர். சிரிக்காதீங்க. காலம் பூரா ஊருக்கே ஹெட்லைட் போட்டு ஓட்டுன மனுஷன், வீட்டுல ஒரு பல்பு போடமாட்டேங்கிறாரு. கடைசி ட்ரிப்பு எப்பவும் இவரு தலையிலதான் விழும். நான் ஆஸ்பத்திரி லாண்டரியில மொத ஷிப்ட், விடியறதுக்கு முன்னாடியே கெளம்பணும். அவரு வர்றப்ப நான் தூங்குவேன், நான் போறப்ப அவரு தூங்குவாரு. அப்ப எங்களுது ஒத்த ரூம் வீடு. லைட்டப் போட்டா என் மூஞ்சியிலதான் அடிக்கும். அதனால செருப்ப வெளியவே கழட்டி, சாவிக்கொத்தக் கைக்குள்ள பொத்திக்கிட்டு, பூனையாட்டம் வருவாரு. சாப்பாடும் இருட்டுலதான். ஒரு நாளு மூடி வச்ச சோத்துச் சட்டின்னு நெனச்சு, நான் சோப்புல துணி ஊறப் போட்டிருந்த வாளிக்குள்ள கைய விட்டுட்டாரு. அப்பவும் ஒரு சத்தம் போடலையே!

அது அந்தக் காலம். இப்ப ரெண்டு பேரும் ரிடையர் ஆகி வருஷக்கணக்காச்சு. எந்த ஷிப்டுக்கு நான் போகப்போறேன், சொல்லுங்க. அதையெல்லாம் காதுலயே வாங்கறதில்ல. எல்லாம் பழகின காலுங்கிறாரு. காலுக்குப் பழக்கம்தான், முட்டி கேக்க வேண்டாமா?

எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு தம்பி. எம் பொண்ணு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வாங்கி அனுப்புனா, எந்திரிக்காம அதுலயே போயிக்கலாம்னு. மறுநாளே அதை எடுத்துட்டுப் போயி செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காரு. சரின்னு டார்ச் லைட் வாங்கிக் குடுத்தேன். தலகாணிக்கு அடியில பத்திரமா வச்சிருக்காரு, எடுத்தா பேட்டரி தீந்துடுமாம். ஜீரோ வாட்ஸ் பல்பு ஒண்ணு மாட்டுனோம். ஒரே ராத்திரிதான். நான் புரண்டு படுத்தேனாம், அந்த வெளிச்சம்தான் என்னைப் படுத்துதுன்னு கழட்டிட்டாரு. ஏன், மனுஷின்னா புரண்டு படுக்கக் கூடாதா?

நானே எந்திரிச்சு லைட்டப் போட்டும் பாத்தேன். அது இன்னும் வம்பாப்போச்சு. உன்னை எழுப்பி விட்டுட்டேனான்னு எறங்கின குரல்ல கேட்டுக்கிட்டு நின்னாரு. மறுநாள்லேர்ந்து கட்டில் கிறீச்சுங்கக் கூடாதுன்னு, கையத் தரையில ஊணி வழுக்கிக்கிட்டே எறங்குறாரு. இந்த வயசுல! அப்புறம் சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கமாட்டேன்னு ஆரம்பிச்சாரு. தலை சுத்தல் வந்துச்சு. டாக்டர்கிட்ட திட்டு வாங்குனது யாரு? நான்.

விழாம இருப்பாரா? போன மாசம் விழுந்துட்டாரு. பாத்ரூம் வாசப்படியில ஈரம். தொப்புன்னு ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்ல. என்னை ஒரு வார்த்தை கூப்பிடல தம்பி. விழுந்த மனுஷன், எனக்கு முழிப்பு வந்துடக் கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. வந்த ஆத்திரத்துக்கு நாலு சாத்து சாத்தலாமான்னு இருந்துச்சு. பதறி ஓடிப்போயி அவரு கையையே மிதிச்சுட்டேன். அதுக்கு என்னைத் திட்டுறாரு, லைட்டப் போட்டுட்டு வரக் கூடாதான்னு! இந்த நியாயத்த எங்க போயிச் சொல்றது?

எலும்பு முறியல. இடுப்பெல்லாம் ரத்தம் கட்டி, உக்கார முடியாம அவஸ்தப்பட்டாரு, அதோட போச்சு. அடுத்த தடவையும் இப்படித் தப்பிப்பாருன்னு யாரு எழுதிக் குடுக்குறது? இந்த வயசுல இடுப்பு ஒடஞ்சா திரும்ப நடக்குறது கஷ்டம்னு டாக்டர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. அதக் கேட்டும் அவரு மாறல. எனக்குத்தான் இப்பல்லாம் தெருவுல யாராவது மூட்டைய எறக்கிப் போட்டாக்கூட, என்னங்கன்னு அவருக்குக் குரல் குடுத்துப் பாக்குறேன்.

என்ன? அங்க மாட்டுனா என் தலகாணிக்கு நேரா அடிக்குமா? அடிச்சாப் பரவால்ல, மாட்டுங்க.

கீழ வேண்டாம் தம்பி. கீழ வச்சா அலமாரி மறைக்கும், பாதி தூரம் வந்த பெறகுதான் எரியும்னு நீங்கதானே இப்பச் சொன்னீங்க. பாதி தூரத்துக்குள்ள அவரு ரெண்டு எடத்துல இடிச்சிருப்பாரு. காலக் கீழ வச்ச உடனே எரியணும். மேலயே மாட்டுங்க.

தூங்க முடியாதா? அட, நீங்களும் அவர மாதிரியே ஆரம்பிச்சுட்டீங்களே! என் தூக்கத்தப் பத்திக் கவலப்படாத ஒரு ஆம்பளையக் காட்டுங்க பாப்போம். கண்ணு கூசும், கண்ணு கூசும்னா... கூசாது தம்பி. எனக்குக் கண்ணு தெரியாது.

ஆமா. ஏணியப் பிடிச்சுக்கங்க, விழுந்து கிழுந்து வைக்காதீங்க. நல்ல வெயில் அடிச்சா ஜன்னல் பக்கம் கொஞ்சம் வெளுப்பாத் தெரியும், அவ்வளவுதான். இந்த பல்பு வெளிச்சமெல்லாம் எனக்கு எட்டாது. உள்ள நரம்பு செத்துப்போச்சாம், ஆபரேஷன் பண்ணுனாலும் பிரயோஜனமில்லன்னு, பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தப்பப் பாத்த கண் டாக்டர் சொல்லிட்டாரு. பழகின வீடு, கை தடவியே எல்லாம் ஓடுது. கண்ணாடியும் சும்மா மாட்டிக்கிறேன். இல்ல, அவருக்குத் தெரியாது. பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கிட்டே பேசுற மனுஷன், என் கண்ண எங்க பாத்தாரு.

சொல்லிடலாமேங்கிறீங்க. சொன்னா அன்னிக்கே லைட்டப் போட்டுடுவாரு, அது எனக்குத் தெரியாதா? எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அதோட விடமாட்டாரே. ராத்திரி நான் எந்திரிச்சா அவரும் எந்திரிச்சு, அந்த முட்டிய வச்சுக்கிட்டு, என் கையப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போவாரு. ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேருமா விழுறதுக்கா?

அது மட்டும் இல்ல. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து எனக்குன்னு வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல இந்த மனுஷன். இருட்டுல இடிச்சுக்கிட்டு நடக்குறாரு பாருங்க, அது ஒண்ணுதான் எனக்குன்னு செஞ்சது. அதுவும் வீணுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? சொல்லுங்க தம்பி.

இருங்க, வாசல் கேட் சத்தம். அவருதான், செருப்பத் தேச்சுக்கிட்டு வர்றாரு. பொண்ணு அனுப்புனான்னு நான் சொல்லிக்கிறேன், மத்ததப் பத்தி நீங்க மூச்சு விடக் கூடாது. இருட்டா இருந்தாத்தானே இது எரியும், ஜன்னலச் சாத்திட்டீங்களா? சீக்கிரம், கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு தடவ நடங்க.

நடந்துட்டீங்களா? எரிஞ்சுதா?