தாழ்ப்பாளைக் கூப்பிடாத கேலரி

மேடையில் வீற்றிருக்கும் நம் கழகத் தலைவர் அவர்களே, என்னைப் பேச அழைத்துவிட்டு "சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று காதோடு சொல்லிப்போன செயலாளர் அவர்களே, தம் காலத்தில் எனக்கு மஞ்சள் அட்டை காட்டிக் காட்டியே கை ஓய்ந்த நடுவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் தங்கச்சி, என் மருமகளே, மேற்குக் கேலரியின் ரசிகப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பூனையின் வணக்கம்.

இளையவர்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்கலாம். இந்தக் கழகத்தின் கோல்கம்பங்களுக்கு நடுவே பல வருடம் நின்றவன் நான். பந்துக்குப் பாய்வதைப் பார்த்துப் பூனை என்று பெயர் வைத்தார்கள். இப்போது என் வயிற்றைப் பார்த்தால், பூனை எங்கே, பானையல்லவா நிற்கிறது என்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. இன்று சிரிக்கலாம்.

இரங்கல் கூட்டத்தில் சிரிக்கலாமா? கேட்பீர்கள். நம்மை விட்டுப் பிரிந்தவர் சாதாரண ஆளா? நம் அணியின் லெஃப்ட் பேக்! மைதானத்தின் இடது பக்கத்தை எவன் வந்தாலும் திறக்க முடியாதபடி பூட்டி வைத்தவர்! நம் மைதான அறிவிப்பாளர் பார்த்துப் பார்த்துத் 'தாழ்ப்பாள்' என்று பெயர் சூட்டிய மாவீரர்! பூட்ஸைக் கழற்றிய பிறகு லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து, மகளைப் படிக்க வைத்து, யாரிடமும் ஒரு குறை சொல்லாமல் வாழ்ந்த மனிதர்! போன வாரம் அவரை வழியனுப்பிவிட்டு வந்து நான் குழந்தை மாதிரி அழுதேன். ஆனால் அழுது முடித்ததும் எனக்குள் அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். செயலாளர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், சீக்கிரம் முடிகிற கதை இல்லை இது.

தோழர்களே! கோல் போட்டவன் பெயர் ஊருக்கே தெரியும். கோல் விழாமல் தடுத்தவன் பெயரை யார் கேட்கிறார்கள்? ஒரு வீட்டில் திருட்டுப் போனால் தெருவே கூடிவிடும். திருட்டுப் போகாத வீட்டின் தாழ்ப்பாளை யாராவது தட்டிக்கொடுத்ததுண்டா?

ஒரு கோப்பை இறுதி ஆட்டம். கொட்டுகிற மழை. எதிரணியில் வலது ஓரமாக ஓடுகிற ஒருவனுக்கு ரயில் என்று பெயர். அன்றைக்கு அந்த ரயில் ஒரு ஸ்டேஷன்கூடத் தாண்டவில்லை. தாழ்ப்பாள் அவனை இடிக்கவும் இல்லை, உதைக்கவும் இல்லை. அவன் போகிற இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றுகொள்வார், அவ்வளவுதான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒரு பந்து என் கைக்கு வந்து சோப்புக்கட்டி போல நழுவிப் பின்னால் உருண்டது. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், கோட்டின் மேல் மனுஷன் குப்புறக் கிடக்கிறார்! முகத்தைக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்!

மறுநாள் பத்திரிகையில் யார் படம்? என் படம்! 'பூனையின் பாய்ச்சல்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு! படத்தின் ஓரத்தில் அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். கன்னம் பன்னு மாதிரி வீங்கி, ஐஸ்கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"விடு பூனை. கோல் விழலைல்ல? அப்புறம் என்ன?"

அந்த ஒரு வார்த்தைதான் அவர். அப்படிப்பட்ட மனிதருக்கும் ஒரு குறை இருந்தது. மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

உங்களுக்குத் தெரியும், நம் மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் முன் அறிவிப்பாளர் ஒவ்வொரு பட்டப்பெயராகச் சொல்வார், மேற்குக் கேலரி அதைத் திருப்பிக் கத்தும். கோபுரம் என்றால் கோபுரம்! பம்பரம் என்றால் பம்பரம்! பந்தை நழுவவிடுகிற எனக்கும் உண்டு அந்தக் கத்தல். பிறகு அறிவிப்பாளர், "இடது பக்கத்தில், தாழ்ப்பாள்!" என்பார்.

கேலரி கப்சிப். எவனோ இருமுவது மட்டும் கேட்கும். அடுத்த பெயர் வந்ததும் மறுபடி வானம் இடியும்.

ஒரு ஆட்டத்திலா, இரண்டு ஆட்டத்திலா? நான் அணிக்கு வந்த நாளிலிருந்து அவர் ஓய்வு பெற்ற நாள் வரை இதே கதை. நாங்கள் கேலரியைப் பார்த்து வரிசையாக நிற்போம். சாயங்கால வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து எங்கள் கண்ணில் அடிக்கும். ஒரு முகம் தெரியாது, காதுக்குக் கேட்பதுதான். அந்த அமைதியில் தாழ்ப்பாள் குனிந்து, ஏற்கனவே கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுவார். முதலில் நாங்கள் கிண்டல் செய்தோம், "என்னப்பா, உங்க சொந்தக்காரங்க யாரும் வரலையா?" என்று. அவர் முகத்தைப் பார்த்த பிறகு கிண்டலை விட்டுவிட்டோம்.

ஓய்வு பெற்ற பிறகும் ஆட்டம் தவறாமல் வந்தார். ஆனால் கிழக்கு வாசல் பக்கமாக நின்றுகொண்டே பார்ப்பார். ஒருநாள் கையைப் பிடித்து மேற்குக் கேலரிக்கு இழுத்தேன்.

"வேணாம் பூனை. அவங்களுக்கு என்னைப் பிடிக்காது" என்றார். "நீ வர்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. ரெண்டு தடவையும் அடிபட்டு ஸ்ட்ரெச்சர்ல வெளிய போனேன். நொண்டிக் குதிரைன்னு விட்டுட்டாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல."

காலம் ஓடியது. நோய் வந்தது. இனி மருந்தில் பயனில்லை, சில வாரங்கள்தான் என்று மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது மாடி வீடு, தெருவைப் பார்த்த ஜன்னல், ஓரமாகக் கட்டில். பார்க்கப் போயிருந்தேன். அவர் மனைவியான என் தங்கச்சி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, அவர் காதில் விழாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறாரு. ஆனா நேத்து, 'நான் அவ்வளவு மோசமாவா ஆடினேன்?'னு கேட்டாரு. நான் என்னண்ணே பதில் சொல்வேன்? பந்து உருண்டைங்கிறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு நல்ல மனுஷன் இந்தக் கேள்வியோடா போய்ச் சேர வேண்டும்?

அன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் ரசிகர் மன்றம் சலூனுக்கு மேலே கூடுகிற நாள். அதோ மூன்றாவது வரிசையில் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறாரே சலூன்காரர், கேலரியில் மேளம் அடிக்கிறவர், அவருடைய மாடிதான். சண்டை போடுவதென்றே படியேறினேன். உள்ளே தீவிர விவாதம். 'திறமை இருந்தும் பேர் கிடைக்காமல் போன பதினொருவர்' அணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் அடிதடி நடக்காத குறை. கோல்கீப்பர் இடத்துக்கு என் பெயரை எவனும் சொல்லவில்லை. எனக்குத் தகுதிக்கு மேலேயே பேர் கிடைத்துவிட்டதாம்! சரி, போகட்டும். லெஃப்ட் பேக் வந்தது. சலூன்காரர் சொன்னார்: "இதுல பேச்சே கிடையாது. தாழ்ப்பாள். அடுத்த இடத்துக்கு வாங்க."

ஒருத்தர்கூட மறுக்கவில்லை. எல்லாத் தலையும் ஆடுகிறது. எனக்கு வந்ததே கோபம்!

"இப்ப ஆட்டுறீங்களே தலையை, அன்னைக்கு வாயைத் திறந்து ஒரு தடவை கூப்பிட்டீங்களாய்யா? உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? அந்த மனுஷன் உங்களுக்குத் தன்னைப் பிடிக்காதுன்னு நினைச்சுக்கிட்டே சாகக் கிடக்கிறாரு!"

சலூன்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"பிடிக்காதா? என்னண்ணே சொல்றீங்க? அது ராசிண்ணே!"

"என்ன ராசி?"

"முதல் ஆட்டத்துல அவரைக் கூப்பிட்டோம், கால் உடைஞ்சுது. குணமாகி வந்தாரேன்னு இன்னும் பலமா கூப்பிட்டோம், தோள்பட்டை இறங்கிடுச்சு. மூணாவது தடவை பயந்துபோய் யாருமே வாயைத் திறக்கல. ஒரு கீறல் இல்லாம வெளிய வந்தாரு, நாமளும் ஜெயிச்சோம். அப்பவே முடிவு பண்ணிட்டோம், இவரைக் கூப்பிடக்கூடாதுன்னு. அவர் பேர் வந்தா பக்கத்துல இருக்கிறவன் கையைப் பிடிச்சுக்குவோம். சின்னப் புள்ளைங்க வாயைப் பொத்துவோம். அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதேன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம்ணே!"

"அட மகாபாவிகளா! இதை ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லக்கூடாதா?"

"ராசியை வெளிய சொன்னா பலிக்காதேண்ணே!"

கேட்டீர்களா பெருமக்களே, நியாயத்தை! உலகத்தில் வேறு எவனாவது இப்படி அன்பு காட்டுவானா? நான் தலையில் அடித்துக்கொண்டு, "வாங்க, இப்பவே போய்க் கூப்பிடலாம்" என்றேன். ஒருத்தரும் நகரவில்லை. "ஏற்கனவே உடம்பு முடியாம இருக்காரு. இப்பப் போய்க் கூப்பிட்டு ஏதாவது ஆயிடுச்சுன்னா அந்தப் பாவம் எங்களுக்கு வேணாம்" என்கிறார்கள். கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் சலூன்காரர் மட்டும் எழுந்தார். "கூப்பிட மாட்டேன். ஆனா நானே போய்ச் சொல்றேன். முகச்சவரம் பண்ணிவிடுற மாதிரி வர்றேன்" என்றார்.

வந்தார். சவரம் செய்தார். சொல்வார் சொல்வார் என்று நான் கட்டில் காலடியில் காத்திருக்கிறேன், மனுஷன் நுரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்து, கத்தியைப் பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகுதான் எல்லாவற்றையும் கொட்டினார்.

தாழ்ப்பாள் கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாருமா?" என்று கேட்டார்.

"எல்லாரும்ணே. ஒரு ஆள் பாக்கியில்லாம."

அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தார்! சிரிப்பு இருமலாகி, தங்கச்சி தண்ணீரோடு ஓடிவந்து, குடித்துவிட்டு மறுபடி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிகிறது. "அடப்பாவிங்களா, அடப்பாவிங்களா" என்று சலூன்காரரின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "போதும்டா உங்க ராசி. இப்பக் கூப்பிடுங்க."

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"இதுக்கு மேல எனக்கு என்னடா ஆகப்போகுது?"

அடுத்த ஞாயிறு அந்தத் தெருவில் வண்டி போக வழியில்லை. மேளத்தோடு வந்தீர்கள். என்னமோ ஏதோ என்று வாட்ச்மேன் விரட்ட ஓடிவந்தார், விஷயம் தெரிந்ததும் அவரும் கூட்டத்தில் நின்றுகொண்டார். நானும் அவர் மகளான என் மருமகளும் அவரைத் தாங்கி ஜன்னலருகே உட்கார வைத்தோம். கீழேயிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம்! தாழ்ப்பாள்! தாழ்ப்பாள்! தாழ்ப்பாள்! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் எலும்பும் தோலுமான கையை மெல்ல உயர்த்தினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பூனை, கொஞ்சம் ஓவரா கத்துறாங்கல்ல?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை!

ஏதாவது ஆனதா? அன்றிரவு நான் அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகச் சலூன்காரர் போன் செய்தார். "அண்ணே, இருக்காரா?" என்றார். "இருக்காரு. காபியில சர்க்கரை பத்தலைன்னு தங்கச்சிகிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருக்காரு" என்றேன். சில வாரங்கள் என்று கெடு வைத்தார்களே, மழைக்காலம் முழுக்க இருந்தார்! உங்கள் ராசியும் பொய், மருத்துவர்கள் கணக்கும் பொய்! ஞாயிறுதோறும் நீங்கள் வந்து கத்தினீர்கள், "மெதுவாடா, கீழ் வீட்டுக் குழந்தை தூங்குது" என்று அவர் கோபித்துக்கொண்டார். ஞாயிறு வருவதற்குள் சனிக்கிழமையே சவரம் செய்துகொண்டு தயாராகிவிடுவார்.

அந்தக் கேள்வியைப் பிறகு அவர் ஒருநாளும் கேட்கவில்லை. தங்கச்சி சொன்னாள். தூக்கத்திலேயே, நிம்மதியாகப் போனார். தெரியாமலே போயிருந்தால்? நாம் இங்கே மாலை போட்டு, மைக் கட்டி, 'மாவீரர்' என்று முழங்கி என்ன பிரயோஜனம்? யார் காதில் விழுந்திருக்கும்? நல்லவேளை தோழர்களே, நல்லவேளை! அதனால்தான் இந்தப் பூனை இன்று நெஞ்சை நிமிர்த்தி மூச்சு விடுகிறது.

ஒரு உறுதி எடுத்துக்கொள்வோம். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு ஓட்டமாக வந்து நம் மகளிர் அணிக்கு லெஃப்ட் பேக் ஆடுகிறாளே ஒரு பெண், போன ஆட்டத்தில் அவள் பெயர் வந்தபோது கேலரி சமோசா தின்றுகொண்டிருந்தது. நான் பார்த்தேன்! இனி அது நடக்கக்கூடாது. நம் கழகத்துக்காகத் தடுத்து நிற்கிற யாராக இருந்தாலும், அவர்கள் காது கேட்கிற காலத்திலேயே கூப்பிடுவோம். ராசி, கீசி என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

செயலாளர் துண்டுச்சீட்டு கொடுக்கிறார், முடிக்கும்போது மௌன அஞ்சலி செலுத்த வேண்டுமாம். ஐயா, மன்னிக்க வேண்டும். இந்த மனிதருக்கு நாம் செலுத்திய மௌனம் போதும். இந்த ஜென்மத்துக்குப் போதும்!

எல்லோரும் எழுந்திருங்கள். தங்கச்சி, நீயும் எழுந்திரம்மா. சலூன்காரரே, துண்டை எடுங்கள் முகத்திலிருந்து. நான் அறிவிப்பாளர், நீங்கள் கேலரி.

இடது பக்கத்தில் யார்?

கேட்கவில்லை, இன்னும் சத்தமாக!