பள்ளம் விழுந்த பாதம்

அவையை வழிநடத்தும் தலைவி அவர்களே, அருகே அமர்ந்திருக்கும் மூத்தோரே, மடியில் மழலையோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

இந்தத் தாளை நானே எழுதினேன். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் கிழவனின் கை; வரிகள் ஏறியும் இறங்கியும் போகின்றன. நடுவில் தடுமாறினால் பொறுத்தருளுங்கள். கோணலாக இருந்தாலும் என் எழுத்து! பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

எழுதிய செய்திதான் அச்சமூட்டுவது.

என் மகளுக்கு ஒரு மகன். நடக்கப் பழகும் வயது. "கன்னத்தைப் பாரு, பன்னு மாதிரி" என்று மருமகன் கொஞ்சுவார். பின்வரிசையில் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் முட்டையை வேகவைப்பவள் அவள். பாலைக் காய்ச்சுபவள் அவள். கரண்டியோ மாமியார் கையில். முட்டையும் பாலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு. பிள்ளைக்குச் செரிக்காதாம், அவனுக்குக் கஞ்சித் தண்ணீர். கேட்டால், ஊரில் இல்லாத பிள்ளையைப் பெற்றுவிட்டாயா என்பார்கள்.

ஒருநாள் காலை, பிள்ளையின் காலில் செருப்பு நுழையவில்லை. பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்தாள். மாவில் பதித்ததுபோல் பள்ளம் அப்படியே நின்றது! அது சதையா? வீக்கம்! அது வளர்ச்சியா? பட்டினி! நிறைந்த வீட்டில், நிறைந்த பானைக்குப் பக்கத்தில், பட்டினி!

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "யாரைக் கேட்டுக் கிளம்புற?" என்றார் மருமகன்.

"இவன் காலைக் கேட்டேங்க. அது பதில் சொல்லிடுச்சு."

"சத்தில்லாம வந்த வீக்கம் இது. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று தொடங்கிய மருத்துவர் அதற்குமேல் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டது என்னைத் தூங்க விடுவதில்லை.

தாய்க்குத் தெரியும், அன்பர்களே! தெரிந்து என்ன பயன், கொடுக்க உரிமை இல்லையென்றால்? கரண்டியைத் தாயின் கையில் கொடுங்கள்! கதவைத் தாய்க்குத் திறந்து வையுங்கள்! வீடு திரும்பியதும், கொழுகொழு என்றிருக்கும் கால்களை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பேரன் இன்னும் மருத்துவமனையில்தான். வீக்கம் வடிய வடிய, உள்ளே ஒளிந்திருந்த குச்சிக் கால் தெரிகிறது. மருத்துவர் சொன்ன அளவில் என் மகள்தான் ஊட்டுகிறாள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார், கரண்டியைக் கேட்கவில்லை.

காது கொடுத்த உங்களுக்கு என் நன்றி. அடுத்த வாரமும் எழுதிக்கொண்டு வருவேன். 'நடந்தான்' என்ற சொல்லை எழுதி எழுதிப் பழகி வைத்திருக்கிறேன். அதை எழுதும் நாள் வராமல் போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

வணக்கம்.